உப்புத் தண்ணீர் ஊரில் ஒரு காலைப் பொழுது

சைக்கிளில் காயலோரக் கிராமங்களைப் பார்ப்போம்

பெங்களூரில் கடல் கிடையாது. இங்கே இருப்பவை ஏரிகள். அல்சூர் ஏரி, பெல்லந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரி என்று பல பெயர்கள் எல்லோருக்கும் தெரியும்.

கடலோரத்தில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள்? உப்புத் தண்ணீர் சூழ்ந்த ஊரில் நெல் விளையுமா? அந்த ஊரைப் பார்க்க வெளியூர் ஆட்கள் வந்தால், ஊர் மக்களுக்கு என்ன கிடைக்கும்? இந்தப் பாடத்தில் தெரிந்துகொள்வோம்.

பெங்களூரில் இரவு ரயில் ஏறினால் மறுநாள் காலையில் எறணாகுளம் போய்ச் சேரலாம். அது கேரளத்தில் உள்ள பெரிய நகரம். அதை ஒட்டித்தான் கொச்சி இருக்கிறது. கொச்சிக்குத் தெற்கே கும்பளங்கி என்று ஒரு கிராமம் இருக்கிறது. அதன் மேற்கே செல்லானம் என்ற கடலோர ஊர் இருக்கிறது. இந்தப் பகுதியைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்க அரை நாள் போதும்.

காயல் என்றால் என்ன?

கடலை அடுத்து, நிலத்துக்குள் பரந்து கிடக்கும் நீர்ப்பரப்பைக் காயல் என்று சொல்கிறார்கள். ஆற்று நீரும் கடல் நீரும் இங்கே கலக்கின்றன. தமிழ்நாட்டில் இதை உப்பங்கழி என்றும் சொல்வோம். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் இருப்பதும் இதுதான். வடக்கே பழவேற்காட்டில் இருப்பதும் இதுதான்.

கேரளத்தில் உள்ள மிகப் பெரிய காயல் வேம்பநாட்டுக் காயல். உலக அளவில் பாதுகாக்க வேண்டிய ஈரநிலங்களின் பட்டியல் ஒன்று உண்டு. அந்தப் பட்டியலில் வேம்பநாட்டுக் காயல் 2002ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது.

மழைக் காலத்தில் ஆறுகள் நிரம்பி வரும். அப்போது காயலில் உப்பு குறையும். கோடைக் காலத்தில் ஆற்று நீர் வற்றும். கடல் நீர் உள்ளே வரும். அப்போது உப்பு கூடும். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் மக்களின் பிழைப்பு முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

பயணம் தொடங்குகிறது

ஜனவரி மாதம். ஆறு பேர் கொண்ட ஒரு குழு பெங்களூரிலிருந்து கும்பளங்கிக்குப் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அல்சூரில் பூ விற்கும் அக்கா ஒருவர். ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர். தையல் வேலை செய்யும் பெண்கள் இருவர். கட்டட வேலை செய்பவர் ஒருவர். கல்லூரி மாணவி ஒருத்தி.

காலை ஆறரை மணி. உள்ளூர்ப் பெண் ஒருவர்தான் வழிகாட்டி. அவருக்குத் தமிழ் பேச வரும். ஆறு பேருக்கும் வாடகைச் சைக்கிள் தயாராக இருக்கிறது. வழிகாட்டி ஒவ்வொரு சைக்கிளிலும் பிரேக்கை அழுத்திப் பார்க்கிறார். காற்று சரியாக இருக்கிறதா என்று டயரை அமுக்கிப் பார்க்கிறார். பிறகு சொல்கிறார்:

"மொத்தம் 20 கிலோமீட்டர் போகப் போகிறோம். மேடு பள்ளம் கிடையாது. அவசரம் வேண்டாம். ஒருவர் பின் ஒருவராக வாருங்கள். பதினொன்றரை மணிக்குத் திரும்பி வந்துவிடலாம். அதற்குப் பிறகு வெயில் தாங்காது."

பூக்கார அக்கா நாற்பத்தைந்து வயதில் சைக்கிள் கற்றவர். "கீழே விழுந்தால் சிரிக்கக் கூடாது" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு ஏறுகிறார்.

பெண்கள் சைக்கிள் ஓட்டுவது இன்று புதுமை இல்லை. ஆனால் ஒரு காலத்தில் அது பெரிய செய்தியாக இருந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தார். அங்கே பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். பஸ்ஸுக்காகக் காத்திருக்காமல் வேலைக்குப் போனார்கள். தண்ணீர் எடுக்கப் போனார்கள். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். எழுத்துத் தெரிந்தால் பஸ் பலகையைப் படிக்கலாம். சைக்கிள் தெரிந்தால் பஸ் வராவிட்டாலும் போகலாம்.

சீன வலை

முதலில் காயல் கரைக்குப் போகிறார்கள். கரையில் பெரிய மரச் சட்டங்கள் நிற்கின்றன. அவற்றின் நுனியில் அகலமான வலை தொங்குகிறது. இதற்குச் சீன வலை என்று பெயர்.

வலையைத் தண்ணீருக்குள் இறக்குகிறார்கள். சில நிமிடங்கள் காத்திருக்கிறார்கள். பிறகு கயிற்றைப் பிடித்து இழுக்கிறார்கள். வலை மேலே வருகிறது. இவ்வளவு பெரிய வலையைச் சில பேரால் எப்படித் தூக்க முடிகிறது?

கட்டட வேலை செய்பவர் உற்றுப் பார்க்கிறார். மரத்தின் இன்னொரு முனையில் கற்கள் கட்டித் தொங்குகின்றன. "கல்லின் கனம் வலையைத் தூக்குகிறது. கிணற்று ஏற்றம் மாதிரி" என்கிறார். அவர் சொன்னது சரி.

வலையில் சிறு மீன்கள் நாலைந்து துள்ளுகின்றன. "இவ்வளவுதானா?" என்று ஆட்டோ அண்ணன் கேட்கிறார். "சில நேரம் இதுவும் கிடைக்காது" என்கிறார் வலைக்காரர். தண்ணீர் கெட்டால் மீன் குறையும். நகரத்துச் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் காயலில் கலந்தால் முதலில் வெறும் வலை இழுப்பவர் அவர்தான்.

கயிறு திரிக்கும் பெண்கள்

அடுத்து ஒரு வீட்டு வாசல். இரண்டு பெண்கள் ராட்டையில் கயிறு திரிக்கிறார்கள். கையில் தேங்காய் நார். ஒருவர் ராட்டையைச் சுற்றுகிறார். இன்னொருவர் நாரைப் பிடித்தபடி பின்னால் நடக்கிறார். நடக்க நடக்கக் கயிறு நீளுகிறது.

நல்ல நார் கிடைக்கப் பச்சை மட்டையைக் காயல் தண்ணீரில் பல மாதங்கள் ஊறப் போட வேண்டும். பிறகு அடித்து நாரைப் பிரிக்க வேண்டும். ஊறிய மட்டையின் நாற்றம் கையை விட்டுப் போகாது. இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகப் பெண்களே செய்து வந்தார்கள். கூலி மிகக் குறைவு. இயந்திரம் வந்த பிறகு கைவேலை குறைந்துவிட்டது.

மாணவி கேமராவை எடுக்கிறாள். வழிகாட்டி மெதுவாகச் சொல்கிறார்: "முதலில் கேள் மோளே. அவர்கள் சரி என்றால் எடு." மாணவி கேட்கிறாள். அவர்கள் சிரித்துத் தலையாட்டுகிறார்கள். பூக்கார அக்கா நாரைக் கையில் வாங்கித் திரித்துப் பார்க்கிறார். கயிறு அறுந்து போகிறது. "பூக் கட்டுவது எளிது என்று எல்லோரும் சொல்வார்கள். அது மாதிரித்தான் இதுவும்" என்கிறார்.

வயல் எங்கே?

இப்போது மேற்குப் பக்கம் போகிறார்கள். சாலையின் இரண்டு பக்கமும் தண்ணீர். கொக்குகள் நிற்கின்றன. வழிகாட்டி சைக்கிளை நிறுத்துகிறார். "இதுதான் எங்கள் நெல் வயல்" என்கிறார்.

யாரும் நம்பவில்லை. எங்கே பார்த்தாலும் தண்ணீர்தானே இருக்கிறது! ஒரு விவசாயி வரப்பில் நிற்கிறார். தையல் வேலை செய்யும் பெண் அவரிடம் கேட்கிறார்: "சேட்டா, நெல் எங்கே?"

விவசாயி விளக்குகிறார். இங்கே விளைவது பொக்காளி நெல். இது உப்பைத் தாங்கும் நெல். ஆனால் ஆண்டு முழுவதும் விளையாது.

ஏப்ரல், மே மாதங்களில் வயல் தண்ணீரை வெளியே விடுவார்கள். சேற்று மண்ணைச் சிறு சிறு குவியலாகக் கூட்டுவார்கள். ஜூன் மாதம் மழை பெய்யும். மழை நீர் அந்தக் குவியலில் உள்ள உப்பைக் கழுவிவிடும். அப்போது முளைவிட்ட விதையைக் குவியலின் மேல் விதைப்பார்கள். நாற்று வளர்ந்ததும் மண்ணோடு வெட்டி வயல் முழுவதும் பரப்புவார்கள். உரம் போடுவதில்லை. பூச்சி மருந்து தெளிப்பதில்லை.

அக்டோபர், நவம்பரில் அறுவடை. கதிரை மட்டும் அறுப்பார்கள். தாளை வயலிலேயே விட்டுவிடுவார்கள். பிறகு மதகைத் திறந்து காயல் நீரை உள்ளே விடுவார்கள். தாள் அழுகும். அதை நம்பி இறால் வளரும். இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரம் ஆகும்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை இது இறால் வயல். ஜூன் முதல் நவம்பர் வரை இது நெல் வயல். நிலம் ஒன்று. விளைச்சல் இரண்டு.

இறாலை எப்படிப் பிடிப்பார்கள்? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நீர் அதிகமாக ஏறும், அதிகமாக இறங்கும். நீர் இறங்கும்போது மதகில் வலை கட்டுவார்கள். வெளியே ஓடும் தண்ணீரோடு இறால் வலையில் வந்து விழும்.

பொக்காளி அரிசிக்கு இந்திய அரசின் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இந்த மண்ணுக்கே உரிய பொருள் என்பதற்கு அது அடையாளம்.

"அப்படியென்றால் நல்ல வருமானம்தானே?" என்று ஆட்டோ அண்ணன் கேட்கிறார்.

விவசாயி தலையை ஆட்டுகிறார். "இறாலில் காசு. நெல்லில் பாடு. சேற்றில் இறங்கி அறுக்க ஆள் கிடைப்பதில்லை. அதனால் சிலர் ஆண்டு முழுவதும் இறாலே வேண்டும் என்கிறார்கள். ஏப்ரலில் தண்ணீரை வடிக்க மாட்டார்கள். பக்கத்து வயலில் தண்ணீர் நின்றால் நான் எப்படி விதைப்பேன்?"

இது ஒரு விவசாயியின் தொல்லை மட்டும் அல்ல. உப்பு நீர் ஆண்டு முழுவதும் நின்றால் பக்கத்தில் உள்ள வீடுகளின் சுவர் உதிரும். தென்னையும் காய்கறியும் வாடும். குடிதண்ணீரும் கெடும். இதனால் 'ஒரு நெல், ஒரு மீன்' என்ற முறையை விடக் கூடாது என்று பலர் கேட்கிறார்கள். மதகை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதை ஊர் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கடல் வீட்டுக்குள் வந்தபோது

இன்னும் மேற்கே போனால் செல்லானம். இங்கே நிலம் மிகவும் குறுகல். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் காயல். நடுவில் சாலை, வீடுகள், கோயில்கள், மாதா கோயில்கள்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. 2021 மே மாதம் டவ்தே புயல் வந்தது. இரண்டு முறையும் கடல் இந்த ஊருக்குள் புகுந்தது. வீடுகளில் மண் நிரம்பியது. மக்கள் முகாம்களுக்கு ஓடினார்கள். புயல் இல்லாத ஆண்டுகளிலும் மழைக் காலத்தில் கடல் கரையை அரித்தது.

ஊர் மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். அதன் பிறகு புதிய கடற்சுவர் வேலை 2022ஆம் ஆண்டு தொடங்கியது. முதல் கட்டமாகச் சுமார் 7 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர் எழுந்தது. சுவரின் முன்னே நான்கு கால் உள்ள கான்கிரீட் கட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். கட்டிகளின் கால்கள் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொள்ளும். அலை அவற்றின் இடுக்குகளில் புகுந்து சிதறும். அதன் வேகம் குறையும்.

சுவர் உள்ள இடத்தில் மக்கள் நிம்மதியாகத் தூங்கத் தொடங்கினார்கள். சுவர் இல்லாத பகுதி மக்கள் தங்களுக்கும் சுவர் வேண்டும் என்று கேட்டுப் போராடினார்கள்.

குழு சுவரின் மேல் நின்று கடலைப் பார்க்கிறது. கடலை முதல்முறை பார்க்கும் தையல்காரப் பெண் ஒன்றும் பேசவில்லை. வழிகாட்டி சொல்கிறார்: "எல்லோரும் கடலைப் பார்க்கிறீர்கள். திரும்பி இந்தப் பக்கமும் பாருங்கள். வீட்டு வாசல் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது!"

காசு யாருக்கு?

மணி பதினொன்றரை. குழு கும்பளங்கிக்குத் திரும்பிவிட்டது. இடையில் ஒரு வீட்டில் புட்டும் கடலைக் கறியும் சாப்பிட்டார்கள். இப்போது பணம் கொடுக்கும் நேரம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது உதாரணத்துக்குச் சொல்லும் கணக்கு.

ஒருவருக்கு 900 ரூபாய். ஆறு பேருக்கு 5,400 ரூபாய்.

சைக்கிள் வாடகை: 900 ரூபாய்
காலை உணவு சமைத்த வீட்டுக்கு: 600 ரூபாய்
கயிறு திரித்துக் காட்டிய இரண்டு பெண்களுக்கு: 400 ரூபாய்
வலைக்காரருக்கு: 300 ரூபாய்
வழிகாட்டிக்கு: 1,000 ரூபாய்
மொத்தம்: 3,200 ரூபாய்

மீதி 2,200 ரூபாய் ஏற்பாடு செய்தவருக்கு. அவரும் அந்த ஊர்க்காரராக இருந்தால் 5,400 ரூபாயும் ஊரிலேயே தங்கும்.

இப்போது வேறு விதமாகப் பார்ப்போம். நகரத்துக் கம்பெனி ஒன்று ஆறு பேரை அழைத்து வருகிறது. சைக்கிளும் அவர்களுடையது. வழிகாட்டியும் அவர்கள் ஆள். சாப்பாடும் பொட்டலமாக வருகிறது. கயிறு திரிக்கும் பெண்களைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வழியில் ஆறு டீ குடிக்கிறார்கள். ஒரு டீ 10 ரூபாய். ஊருக்குக் கிடைத்தது 60 ரூபாய். பார்த்தது அதே ஊர்தான். போனது அதே சாலைதான்.

இதைக் கேரளத்தில் பலர் யோசித்தார்கள். வேம்பநாட்டுக் காயலோரத்தில் குமரகம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பெரிய ஹோட்டல்கள் உண்டு. ஊர் மக்களுக்கு அவற்றால் அதிகப் பயன் இல்லை என்ற குறை இருந்தது. 2008ஆம் ஆண்டு அங்கே 'பொறுப்புச் சுற்றுலா' என்ற திட்டம் தொடங்கியது. குடும்பஸ்ரீ என்ற பெண்கள் குழுக்கள் காய்கறி விளைவித்தன. ஹோட்டல்கள் அவற்றை வாங்கின. ஊர் வாழ்க்கையைச் சுற்றிக் காட்டும் பயணங்களும் தொடங்கின. பாய் முடைபவர், கயிறு திரிப்பவர், வலை வீசுபவர் ஆகியோர் தங்கள் வேலையைக் காட்டி வருமானம் பெற்றார்கள். 2017ஆம் ஆண்டு கேரள அரசு இதற்காகவே ஒரு தனி அமைப்பை உருவாக்கியது.

வழிகாட்டியின் முதலீடு என்ன? சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். சாலை எல்லோருக்கும் பொது. அவரிடம் இருப்பது ஊரைப் பற்றிய அறிவு. எந்த மாதம் உப்பு ஏறும், எந்த மதகு யாருடையது, எந்த ஆண்டு கடல் வந்தது என்று அவருக்குத் தெரியும். அந்த அறிவுக்கு விலை உண்டு. அதை ஊர் மக்கள்தான் முதலில் உணர வேண்டும்.

நம் ஊர் ஏரித் தண்ணீர் எங்கே போகிறது?

ஊருக்குத் திரும்பும் ரயிலில் மாணவி ஒரு கேள்வி கேட்கிறாள்: "அந்த வழிகாட்டிக்கு அவர் ஊர்த் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்தது. நம் ஊர்த் தண்ணீர் எங்கே போகிறது?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. பதில் இதுதான். பெங்களூரின் கிழக்குப் பகுதிச் சாக்கடை நீரில் பெரும் பகுதி பெல்லந்தூர் ஏரிக்கு வருகிறது. அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்குப் போகிறது. பிறகு தென்பெண்ணை ஆற்றில் கலக்கிறது. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை, அடுத்துக் கிருஷ்ணகிரி அணை, அடுத்துச் சாத்தனூர் அணை. கடைசியில் கடலூர் அருகே அந்த ஆறு வங்கக் கடலில் சேர்கிறது. அங்கேயும் ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் கழிமுகம் இருக்கிறது. அங்கேயும் வலை வீசுபவர்கள் இருக்கிறார்கள்.

2015ஆம் ஆண்டு பெல்லந்தூர் ஏரியின் நுரை சாலைக்கு வந்தது. 2018 ஜனவரியில் ஏரியில் தீப்பிடித்தது. கெலவரப்பள்ளி அணையிலும் பல முறை நுரை பொங்கியது. இங்கே கொட்டும் சோப்புத் தண்ணீரும் கழிவும் இங்கேயே நின்றுவிடுவதில்லை.

பெங்களூரில் கடல் இல்லை என்று தொடக்கத்தில் படித்தோம். ஆனால் பெங்களூரின் தண்ணீர் கடலுக்குப் போகிறது.

கடினமான சொற்கள்

காயல் – கடலை ஒட்டிய உப்பு நீர்ப்பரப்பு
மதகு – தண்ணீரைத் திறக்கவும் அடைக்கவும் உள்ள கதவு
கழிமுகம் – ஆறு கடலில் சேரும் இடம்
ராட்டை – கயிறு அல்லது நூல் திரிக்கும் கருவி

விடை சொல்லுங்கள்

1. காயலில் உப்பு எப்போது குறையும்? ஏன்?
2. பொக்காளி வயலில் ஜனவரி மாதம் என்ன இருக்கும்? ஆகஸ்ட் மாதம் என்ன இருக்கும்?
3. சீன வலையில் கல் எதற்கு?
4. விவசாயி ஏன் கவலைப்பட்டார்?

கணக்குப் போடுங்கள்

எட்டுப் பேர் வருகிறார்கள். ஒருவருக்கு 900 ரூபாய். மொத்தம் எவ்வளவு? காலை உணவுக்கு ஒருவருக்கு 100 ரூபாய். சமைத்த வீட்டுக்கு எவ்வளவு கிடைக்கும்?

சேர்ந்து செய்யுங்கள்

உங்கள் பகுதியில் உள்ள ஏரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் அல்லது நடந்து போங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். அங்கே எழுபது வயதுப் பெரியவர் யாராவது இருந்தால், அந்த ஏரி முன்பு எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவர் சொன்னதைப் பத்து வரியில் எழுதுங்கள். கீழே அவர் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதுங்கள். அடுத்த வகுப்பில் எல்லோரும் கேட்கும்படி உரக்கப் படியுங்கள்.